வெள்ளிக்கிழமை எழும்பூருக்குப் போகாதீர்கள்

தமிழ்நாட்டில் அருங்காட்சியகம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் சறுக்குவது நாளில்தான். ராகுகாலம், எமகண்டம் பார்த்துப் புறப்படுகிற நாம் விடுமுறை நாளைப் பார்ப்பதில்லை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருந்தாலும் அதற்கும் வெள்ளிதான். முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். ஞாயிறு விடுமுறையாக இருக்கும், மற்ற நாளெல்லாம் திறந்திருக்கும் என்று அலுவலகக் கணக்குப் போட்டால் பூட்டிய கதவைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்தது, எழும்பூரை ஒரே நாளில் ஓரம் விடாமல் பார்த்துவிட நினைப்பது. 1851இல் தொடங்கிய அந்த வளாகத்தில் பல கட்டடங்கள். குழந்தைகளோடு வருகிறவர்கள் திமிங்கில எலும்புக்கூட்டிலும் பாடம் செய்த விலங்குகளிலும் காலைப் பொழுதைக் கழித்துவிட்டு, கால் கடுக்கும் நேரத்தில் செப்புத் திருமேனிக் கூடத்துக்கு வந்து சேர்வார்கள். பழைய சென்னைவாசிகள் இந்த இடத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக் காட்சிச்சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வார்கள். இன்றும் பலர் அந்தப் பெயருக்கு ஏற்றபடி செத்த விலங்குகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்பது என் வருத்தம். வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் திருமேனிகள், பிறகு அமராவதி பௌத்தச் சிற்பங்கள். தெம்பு மிச்சமிருந்தால் திமிங்கிலம்.

திருமேனிக் கூடத்திலும் ஒரு தவறு நடக்கிறது. கோயில் சன்னிதியில் நிற்பதுபோல நேர் எதிரே நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கோயிலில் பட்டும் மாலையும் மறைக்கிற உடல்மொழியை இங்கேதான் முழுதாகப் பார்க்க முடியும். திருவாலங்காட்டு நடராசரைப் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரில் ஆண் பாதியும் பெண் பாதியும் எந்த இடத்தில் மாறுகின்றன என்று கோடு போடப் பாருங்கள்; முடியாது. இதற்கு ஒரே சிலைக்குக் கால் மணி நேரம் கொடுத்தாலும் தகும். நூறு சிலையைப் பார்த்தேன் என்பதைவிட ஐந்தைப் பார்த்தேன் என்பவரே எனக்குப் பெரியவர்.

அந்தத் திருவெண்காட்டின் மிச்சக் கதை தஞ்சாவூரில் இருக்கிறது. அரண்மனைக் கலைக்கூடத்தில் உள்ள ரிஷபவாகனர், அதாவது காளையோடு நிற்கும் சிவன், அவ்வூர்க் கோயிலைச் சேர்ந்தவர்தான். 1011ஆம் ஆண்டு, ராசராசன் காலத்துத் திருமேனி. தேவியின் திருமேனி மறு ஆண்டு வந்தது. சிவன் ஒரு கையைக் காளையின் மேல் சாய்த்துக் கால் மாற்றி நிற்கிறார். காளை மட்டும் இல்லை. இல்லாத காளையின் உயரத்தைக்கூட அந்தக் கையே சொல்லிவிடுகிறது. தலைப்பாகை போலச் சுற்றிய சடையில் பாம்பு நெளிவதைப் பின்பக்கம் போகாமல் முழுதாகப் பார்க்க முடியாது. மணக்கோலச் சிவனான கல்யாணசுந்தரரும் இதே கூடத்தில்தான். பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு அரை மணி மிச்சமிருக்கிறதே என்று இங்கே நுழைவது பாவம் என்றே சொல்வேன். இன்னொன்று, அரண்மனை வளாகத்தில் கலைக்கூடம் தனி, சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம் தனி. எந்த டிக்கெட் எதற்கு என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கீழடியில் வேறு மாதிரித் தவறு. 2023இல் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டின் சாயலில் அழகாக இருக்கிறது. படம் எடுத்துக்கொண்டே மதுரைக்குத் திரும்பிவிடுகிறார்கள். தோண்டிய குழிகளும் செங்கல் கட்டுமானமும் இருப்பது வேறு இடத்தில், சற்றுத் தள்ளி. இரண்டையும் பார்க்க வேண்டும், அதுவும் அருங்காட்சியகத்தை முதலில். பானை ஓட்டில் கீறிய பெயர்களைப் பார்த்த பிறகு குழிக்குப் போனால் அங்கே ஆள் நடமாட்டம் தெரியும். முன்பே போனால் வெறும் பள்ளம்தான் தெரியும். வெயில் கடுமையாக இருக்கும் என்பதால் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

மதுரைக்குள் காந்தி அருங்காட்சியகத்தைப் பள்ளிச் சுற்றுலாவுக்கு உரியது என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. ராணி மங்கம்மாளின் கோடைக்கால அரண்மனை அது. காந்தி சுடப்பட்ட நாளில் உடுத்தியிருந்த துணி அங்கே இருக்கிறது. 1921இல் அவர் அரையாடைக்கு மாறியதும் இதே மதுரையில்தான்.

கடைசியாக, எல்லையில் ஏற்படும் குழப்பம். பத்மநாபபுரம் அரண்மனை கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கு அருகில் இருக்கிறது. பராமரிப்பதோ கேரளத் தொல்லியல் துறை. ஆகவே தமிழ்நாட்டு அரசு விடுமுறைப் பட்டியலை வைத்துக்கொண்டு அங்கே போகக் கூடாது. திங்கட்கிழமை மூடியிருக்கும்; கேரளத்தின் விடுமுறைகளையும் பார்க்க வேண்டும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, குறுகலான மரப்படிகளில் ஏறி இறங்க வேண்டியிருக்கும். முட்டி வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள், கூட்டம் சேர்வதற்குள், திறந்தவுடனே உள்ளே போய்விடுங்கள்.