மைதானத்துக் கதைகளைக் கேட்டு எழுதுவது எப்படி

ஈஸ்ட் பெங்கால், மோகன் பாகான் என்ற போட்டிக் கால்பந்துக் கழகங்களின் பழைய ஆட்டக்காரர்களைப் பற்றிக் கொல்கத்தாவின் முதிய ரசிகர்களிடம் கேட்டுப் பதிவு செய்ய விரும்புகிறவர், "எல்லாரிலும் சிறந்தவர் யார்?" என்ற கேள்வியை முதல் நாளில் கேட்கவே கூடாது. அதற்குப் பல்லாண்டுகளாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த விடைதான் வரும். மோகன் பாகான்காரர் சைலன் மன்னா என்பார், சூனி கோஸ்வாமி என்பார். ஈஸ்ட் பெங்கால்காரர் அகமது கான், அப்பாராவ், சாலே, தன்ராஜ், வெங்கடேஷ் என்ற 'பஞ்ச பாண்டவர்' ஐவரையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார். அத்தோடு பேச்சு நின்றுவிடும். மாறாக, முதன்முதலில் யாரோடு ஆட்டம் பார்க்கப் போனார், டிக்கெட்டுக்கு எத்தனை மணிக்கு வரிசையில் நின்றார், குதிரைப் போலீஸ் விரட்டியபோது எந்தப் பக்கம் ஓடினார் என்று கேட்டால், ஆட்டக்காரர்கள் தாமாகவே அந்தக் கதைக்குள் வந்து சேர்வார்கள்.

போகும் நேரமும் இடமும் முக்கியம். மாலையில், வீட்டு வாசல் திண்ணையில் இரண்டு மூன்று பேர் கூடி அரட்டையடிக்கும் வேளைதான் சரியானது. ஒருவர் தடுமாறும் இடத்தில் மற்றவர் எடுத்துக் கொடுப்பார், சண்டையும் பிடிப்பார். அந்தச் சண்டையை இடைமறிக்காமல் பதிவு செய்யுங்கள். இளையவராக இருந்தால் 'காகு' என்றோ 'ஜேட்டு' என்றோ, அதாவது சித்தப்பா, பெரியப்பா என்ற முறையில், விளிப்பது அங்கே இயல்பு. ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீன், மோகன் பாகான் வென்றால் இறால் என்ற வழக்கத்தைப் பற்றிக் கேட்டுப் பேச்சைத் தொடங்கலாம். அந்த வெற்றி நாளில் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பது, கோல் போட்டவரின் பெயரைவிடத் தெளிவாகப் பலருக்கு நினைவிருக்கிறது.

கேட்கப் போகுமுன் உறுதியான சில தேதிகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 1911 ஜூலை 29 அன்று ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று மோகன் பாகான் ஐ.எஃப்.ஏ. (இந்தியக் கால்பந்துச் சங்கம்) கேடயத்தைக் கைப்பற்றியதைக் கண்ணால் கண்டவர் இன்று எவரும் இல்லை. ஆனாலும் அன்றைய அணித்தலைவர் ஷிப்தாஸ் பாதுரி பந்தை எடுத்துக்கொண்டு ஓடியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்போலப் பலர் சொல்வார்கள். ஆகவே குறிப்பேட்டைக் 'கண்டது', 'கேட்டது' என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சூனி 1968 வரை ஆடியவர் என்பதால், அவருடைய ஆட்டத்தைக் கண்டதாகச் சொல்பவரின் வயதைக் கணக்கிட்டாலே எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரிந்துவிடும். 1977 செப்டம்பர் 24 அன்று நியூயார்க்கின் காஸ்மாஸ் அணியோடு பெலே ஈடன் கார்டனுக்கு வந்து மோகன் பாகானுடன் ஆடிய ஆட்டத்துக்குப் 'போயிருந்தேன்' என்பவரிடம், மைதானத்தின் எந்தப் பகுதியில் உட்கார்ந்திருந்தார் என்று மெதுவாகக் கேட்டுப் பார்க்கலாம்.

பிழைகளை எப்படிக் கையாள்வது என்பதுதான் இந்த வேலையின் உயிர்நிலை. தீவிர ஈஸ்ட் பெங்கால் ரசிகரான பெரியவர் ஒருவர், ஷியாம் தாபா தலைகீழாகப் பாய்ந்து அடித்த கோலை எனக்கு விளக்கினார். டீ குடித்த மண்குவளையைக் கோல்கீப்பராகவும் மூன்று தீக்குச்சிகளைத் தடுப்பாட்டக்காரர்களாகவும் வைத்து, ஒரு சுண்டலில் பாக்குத்துண்டைக் குவளைக்கு மேலே பறக்கவிட்டார். அந்தக் கோல் 1975 செப்டம்பர் 30 அன்று கேடய இறுதியாட்டத்தில் விழுந்தது என்றும் அடித்துச் சொன்னார். அன்று ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று மோகன் பாகானை வென்றதும், தாபா இரண்டு கோல் போட்டதும் உண்மைதான். ஆனால் அவர் சொன்ன அந்தப் பல்டி கோல் 1978 லீக் ஆட்டத்தில் விழுந்தது. அப்போது தாபா மோகன் பாகானில் இருந்தார், கோல் விழுந்ததோ ஈஸ்ட் பெங்கால் வலையில்.

இத்தகைய இடத்தில் "தவறு" என்று சொல்லிவிட்டால் அன்றைய பேச்சு முடிந்தது. "அப்போது அவர் போட்டிருந்தது சிவப்பும் பொன்னிறமுமா, பச்சையும் அரக்குமா?" என்று கேட்கலாம். முன்னது ஈஸ்ட் பெங்கால் நிறம், பின்னது மோகன் பாகான் நிறம். சட்டையின் நிறத்தைத் தேடும்போது நினைவு தானே திருத்திக்கொள்ளும். அப்படியும் திருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள். எழுதும்போது அவர் சொன்னதைச் சொன்னபடியே வைத்து, சரியான ஆண்டைப் பக்கத்தில் தனியாகக் குறித்தால் போதும். விரும்பிய ஆட்டக்காரர் எதிரணிக்குப் போய் அடித்த அழகான கோலை ஒரு ரசிகரின் மனம் தன் சட்டைக்கே மாற்றிப் போட்டுக்கொண்டது என்பது, ஸ்கோரைவிட மதிப்புள்ள செய்தி என்பது என் எண்ணம்.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இவ்விரு அணிகளும் மோதியபோது நடந்த கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் இறந்தனர். அதைப் பற்றி நாமாகக் கேட்கக் கூடாது. அவர்களே தொடங்கினால் பதிவுக் கருவியை நிறுத்தவா என்று கேட்டுவிட்டே கேட்க வேண்டும்.

எழுதி முடித்ததும் வங்காள மொழி அறிந்த ஒருவரைக் கொண்டு, சொன்னவருக்கே படித்துக் காட்டி, பெயரைப் போடலாமா என்று அனுமதி பெற்று, தேதியையும் இடத்தையும் அடியில் குறியுங்கள். தீக்குச்சி வைத்து விளக்கிய பெரியவர் நான் எழுதியிருந்த 1978 என்ற எண்ணை வெகுநேரம் பார்த்தார். மறுக்கவில்லை. பேனாவை வாங்கி அதன் பக்கத்தில், "அப்போதும் அவன் எங்கள் பையன்தான்" என்று எழுதிக் கொடுத்தார்.