வீட்டுத் திருத்த வேலை: எதை நாமே செய்யலாம், எதற்கு ஆளைக் கூப்பிட வேண்டும்

ஒரு வேலையை நாமே செய்வதா, ஆள் பிடிப்பதா என்று யோசிக்கும்போது பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது கூலியை. அடுத்ததாகத் தமது கைத்திறனை. இவ்விரண்டுக்கும் முன்னதாகப் பார்க்க வேண்டியது, அந்த வேலையில் பிழை நேர்ந்தால் அது எப்போது, எப்படி வெளியே தெரியும் என்பதே. சுவருக்கு அடித்த வர்ணம் திட்டுத் திட்டாக இருந்தால் மறுநாள் காலையில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இன்னொரு பூச்சில் சரியாகியும்விடும். சொக்கட்டுக்குள் சரியாக இறுக்காமல் விட்ட ஒரு திருகாணியோ மாதக்கணக்கில் எதையும் காட்டாமல் உள்ளே சூடேறிக்கொண்டிருந்து, வீட்டில் எல்லோரும் உறங்கும் ஓர் இரவில் தீயாக வெளிப்படலாம். உடனே தெரிகின்ற, திருத்தக்கூடிய பிழைகள் மட்டுமே நேரக்கூடிய வேலைகளில் யாரும் துணிந்து கை வைக்கலாம். பிழை மறைந்திருந்து பின்னர் ஆளைத் தாக்கும் வேலைகளில் கைத்திறன் எவ்வளவு இருந்தாலும் தயங்குவதே முறை.

யாழ்ப்பாணத்தில் இந்த முடிவைக் கெடுப்பது பெரும்பாலும் அவசரம். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்து இறங்கும் காலத்திலும், ஐப்பசி மழை தொடங்குவதற்கு முந்திய வாரங்களிலும் மேசனையோ ஓடாவியாரையோ பிடிப்பது எளிதல்ல. ஆள் கிடைக்கவில்லை என்பது ஒரு வேலையைத் தள்ளிவைப்பதற்குரிய காரணமே அன்றி, அதை நாமே செய்வதற்குரிய காரணம் அல்ல. ஒழுகும் கூரைக்குத் தற்காலிகமாகத் தறப்பாள் கட்டி, மழை கழிந்து ஆள் வரும்வரை காத்திருப்பதில் எந்த மானக்கேடும் இல்லை.

மின்சாரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அதிகம் பேர் துணிந்து இறங்குவது இதில்தான். நமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று. கனடாவில் சாதாரண சொக்கட்டுகளில் வருவது 120 வோல்ற்று. அதைவிட ஆபத்தான வேறுபாடு வயரின் நிறத்தில் இருக்கிறது. அங்கே கறுப்பு வயர் லைவ் (மின் வரும் வயர்), வெள்ளை நியூற்றல் (மின் திரும்பும் வயர்). இங்கே பழைய வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூற்றல், பச்சை எர்த் (கசியும் மின்னை மண்ணுக்குள் கொண்டுபோகும் வயர்). புதிய வயரிங்கில் மண்ணிறம் லைவ், நீலம் நியூற்றல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். ரொறன்ரோவில் தன் வீட்டு வேலைகளையெல்லாம் தானே செய்து பழகிய ஒருவர், விடுமுறைக்கு வந்து அப்பாவின் வீட்டில் ஒரு சொக்கட்டை மாற்றும்போது, அவரது பழக்கமே அவருக்கு எதிரியாகிவிடுகிறது. தவிர, போர்க்காலத்திலும் அதற்குப் பின்னரும் கிடைத்த வயரைக் கொண்டு துண்டு துண்டாக இணைக்கப்பட்ட வீடுகளில் நிறத்தை எவ்விதத்திலும் நம்பக்கூடாது.

எனவே எல்லையை இப்படி வகுத்துக்கொள்ளலாம். மின்குமிழ் மாற்றுவது, பிளக்கின் தலையை மாற்றுவது, மெயின் சுவிச்சை அணைத்து, மின் இல்லை என்று உறுதிசெய்தபின் உடைந்த சுவிச் ஒன்றை அதே வகைச் சுவிச்சால் மாற்றுவது ஆகியன கவனமுள்ள ஒருவரால் செய்யக்கூடியவை. உறுதிசெய்வது என்றால், மின் இருப்பதாகத் தெரிந்த ஓரிடத்தில் டெஸ்டரை முதலில் வைத்து அது எரிவதைப் பார்த்து, பின்னர் வேலை செய்யும் இடத்தில் வைத்துப் பார்த்து, மீண்டும் முதல் இடத்தைப் போன்ற ஒன்றில் சோதிப்பதாகும்; டெஸ்டர் பழுதாகி எரியாமல் இருந்தாலும் மின் இல்லை என்றே தோன்றும் அல்லவா? மெயினை அணைத்த பின் இந்தச் சோதனைக்கு வீட்டுக்குள் மின் உள்ள இடம் இராது என்பதால், மின்கலத்தில் இயங்கித் தன்னைத்தானே சோதித்துக் காட்டும் கருவி ஒன்றை வாங்கி வைப்பது நல்லது. கூரையில் சூரியத் தகடு இருந்தால் மெயினை அணைத்தாலும் தகட்டிலிருந்து இறங்கும் வயரில் பகல் முழுவதும் மின் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மெயின் சுவிச் பலகைக்குள் கை வைப்பது, புதிய இணைப்பு இழுப்பது, கிணற்று மோட்டாருக்கு வயர் கொண்டுபோவது ஆகிய மூன்றும் வயர்மனுடைய வேலை.

கிணற்று மோட்டாரைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று, உலோகக் குழாயைத் தொட்டபடி குளிக்கும் இடம் அது. நமது நிலத்தில் பல இடங்களில் சில அடி மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் வந்துவிடுவதால், எர்த் கோல் முழுமையாக இறங்காமல் பாதியில் நிற்கும். கோடையில் மேல்மண் காய்ந்துவிட்டால் அந்த எர்த் பெயரளவிலேயே இருக்கும். அதனால் எர்த்தை அளவுகருவி கொண்டு சோதிக்கத் தெரிந்தவரே அந்த வேலையைச் செய்ய வேண்டும். 30 மில்லி அம்பியர் கசிவில் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் இல்லாத வீடானால், வேறெந்தத் திருத்தத்துக்கும் முன்பு பணத்தை அதற்கே ஒதுக்குங்கள். ஏற்கெனவே இருந்தால் மாதம் ஒருமுறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாத ட்ரிப் சுவிச் சுவரில் மாட்டிய பழைய கலண்டருக்குச் சமம்.

அடுத்தது கிணறு. இறைத்துச் சேறு வாருவது தலைமுறைகளாக வீட்டு ஆண்களே கூடிச் செய்த வேலை என்பதால், அதை ஆபத்தான வேலைகளின் வரிசையில் வைத்தால் பலர் சிரிப்பார்கள். வாளியாலும் துலாவாலும் இறைத்த காலத்தில் இல்லாத ஒன்று பின்னர் வந்து சேர்ந்தது: மண்ணெண்ணெயில் ஓடும் வாட்டர் பம்ப். நீர்மட்டம் இறங்கியதும் மேலிருந்து இழுக்க முடியாமல், பம்பையே கிணற்றுக்குள் உள்ள படியில் இறக்கி ஓடவிடும் வழக்கம் உண்டு. அந்த இயந்திரம் கக்கும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இறங்கியவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார், அவரும் விழுவார். விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கும் பழைய முறை ஒட்சிசன் மிகவும் குறைந்திருப்பதை மட்டுமே காட்டும். காபனோரொட்சைட்டு நிறைந்த கிணற்றிலும் விளக்கு அணையாமல் எரியும். ஆகவே எந்த இயந்திரத்தையும் கிணற்றுக்குள் இறக்கக்கூடாது என்பதும், ஆள் உள்ளே நிற்கையில் மின்மோட்டாரும் ஓடக்கூடாது என்பதும் விலக்கில்லாத விதிகள். காற்றுச் செலுத்தும் வசதியும், இறங்குபவரின் உடலில் கட்டி மேலிருந்து இழுக்கக்கூடிய கயிறும், மேலே குறைந்தது இருவரும் இல்லாவிட்டால் யாரும் இறங்க வேண்டாம். யாராவது மயங்கினால் பின்னால் இறங்காமல் கயிற்றால் இழுத்துக்கொண்டே 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

மலக்குழியைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை: உள்ளே இறங்கவே கூடாது. அங்கு உருவாகும் ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சு வாயு முதலில் அழுகிய முட்டை போல் நாறும். செறிவு கூடும்போது அது மோப்பத்தையே மரத்துப்போகச் செய்வதால், நாற்றம் நின்றுவிட்டது என்று நினைப்பவரே உண்மையில் பெரும் ஆபத்தில் இருக்கிறார். புதிய குழி எங்கே அமைப்பது என்பதையும் நாமே தீர்மானிக்க வேண்டாம். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாகக் கழிவுநீர் விரைவாக நிலத்தடி நீரை அடையும். அந்தப் பிழையின் விலையை நம்மோடு அயலாரும் தத்தம் கிணறுகளில் கொடுக்க வேண்டிவரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இடத்தைக் காட்டிக் கேட்பதற்குப் பணம் செலவாகாது.

கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றுவது, ஓரமாக இருந்து ஏணியிலேயே கை எட்டினால், செய்யக்கூடியதே. ஏணியை நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் சுவரிலிருந்து விலக்கி வைத்து, அதன் தலை கூரை விளிம்புக்கு மேல் மூன்று அடியாவது நீட்டி நிற்குமாறு பார்த்து, கீழே ஒருவரைப் பிடித்திருக்கச் செய்ய வேண்டும். வீதியிலிருந்து வீட்டுக்கு மின்கம்பி வரும் பக்கத்தில் அலுமினிய ஏணி வேண்டவே வேண்டாம். கூரைமேல் ஏறி நடக்க வேண்டிய வேலையானால், முதலில் உள்ளேயிருந்து மரத்தைப் பாருங்கள். கூரையின் வளைமரமும் பனஞ்சலாகையும் நடுவில் கருங்காலி போல் உறுதியாகத் தோன்றினாலும், சுவருக்குள் நுழையும் முனையில் ஈரமும் கறையானும் சேர்ந்து உள்ளே தின்றிருக்கும். அந்த முனையில் திருகாணி முடுக்கியை அழுத்துங்கள். அரை அங்குலம் எதிர்ப்பின்றி இறங்கினால் அந்தக் கூரை ஓர் ஆளைத் தாங்காது. ஓடாவியாருக்குச் சொல்லியனுப்ப வேண்டியதுதான். அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட கூரையில் எந்த நிலையிலும் நேராகக் கால் வைக்க வேண்டாம், அது எச்சரிக்காமலே உடையும். அதை அறுப்பதும் கிறைண்டர் பிடிப்பதும் நுண்ணிய நார்த் தூசியைக் கிளப்பும். அதன் விளைவான நுரையீரல் நோய்கள் பல பத்தாண்டுகள் கழித்தே தலைகாட்டும். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது.

சுவர் உடைத்து மண்டபத்தைப் பெரிதாக்கும் ஆசை அண்மைக் காலத்தில் அதிகரித்திருக்கிறது. ஒரு சுவர் பாரம் தாங்குகிறதா என்பதை அறிய, கூரை மரம் எதன் மேல் வந்து இருக்கிறது என்று பார்ப்பது தொடக்கம் மட்டுமே. மேல்மாடியோ கொங்கிறீற்றுத் தட்டோ உள்ள வீட்டில் அது போதாது. கதவு, யன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு இருந்தால், அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதி, ஒரு மாரியும் ஒரு கோடையும் கவனியுங்கள். வெடிப்பு கோட்டைத் தாண்டி வளர்ந்தால் பூசி மறைக்காமல் கட்டடப் பொறியியலாளரிடம் காட்ட வேண்டும். கடற்கரையை அண்டிய வீடுகளில் கொங்கிறீற்று உப்பி, உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தாலும் அவ்வாறே. எறிகணை விழுந்து பின்னர் பூசப்பட்ட சுவர்களில் நமது கணக்கு எதுவும் செல்லாது. புதிதாக அறை சேர்ப்பதானால் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ அனுமதி பெறும் கடமையும் உண்டு.

அத்திவாரம் வெட்டும் முன் காணியின் வரலாற்றைக் கேட்பது இங்கே தவிர்க்க முடியாதது. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயமாக நெடுங்காலம் இருந்து, போருக்குப் பின் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளிலும், காவலரண் இருந்த இடங்களிலும், அலவாங்கு எதிலாவது உலோகமாகத் தட்டினால், அது வெடிக்காமல் கிடக்கும் குண்டாகவோ கண்ணிவெடியாகவோ இருக்கலாம் என்பதால், உடனே நிறுத்தி, தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி, 119 பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவிக்க வேண்டும்.

ஆளைக் கூப்பிட முடிவுசெய்துவிட்டால் முழு வேலையையும் அவரிடமே விட வேண்டும் என்பதில்லை. பழைய பூச்சைக் கொத்துவது, கல்லும் மணலும் அள்ளுவது, புதிய கொங்கிறீற்றுக்கு ஏழு நாளாவது தவறாமல் நீர் விடுவது, கடைசியில் வர்ணம் அடிப்பது ஆகியவற்றை நாமே எடுத்துக்கொண்டால் கூலியில் கணிசமான பகுதி மிஞ்சும். இதை முதல் நாளே பேசிவிட வேண்டும். வேலை நடுவே சொன்னால் மனக்கசப்புத்தான். வயர்மனைத் தெரிவுசெய்யும்போது தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உள்ளதா என்று கேட்கலாம், அவர் முன்பு செய்த ஒரு வீட்டைப் பார்க்கவும் கேட்கலாம். பணத்தை வேலையின் படிகளுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுங்கள். சுவர் பூசுவதற்கு முன், வயரும் குழாயும் போகும் வழியில் அளவு நாடாவை நீட்டிப் பிடித்து, தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்பது தெரியும்படி கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அந்தச் சுவரில் ஓர் ஆணி அடிப்பவர் நீங்களாக இருந்தாலும் வேறொருவராக இருந்தாலும் அந்தப் படம் தேவைப்படும்.