சி மொழியில் எஸ்கியூலைட்: கம்பைலர் பிடிக்காத தவறுகள்

எஸ்கியூலைட் (SQLite) ஒரு டேட்டாபேஸ், ஆனால் தனியாக ஓடும் சர்வர் அல்ல. உங்கள் புரோகிராமோடு அதே பிராசஸுக்குள் ஓடும் லைப்ரரி. மெமரியில் நீங்கள் செய்யும் தப்பு அப்படியே டேபிளுக்குள் போய் உட்காரும். கம்பைலர் வாயே திறக்காது.

எஸ்கியூஎல் கட்டளையில் கேள்விக்குறி போட்ட இடத்தில் மதிப்பைப் பொருத்துவதுதான் பைண்ட். எழுத்தைப் பொருத்தும் பைண்ட் டெக்ஸ்ட் ஃபங்ஷனின் கடைசி ஆர்க்யுமென்ட்டைப் பாருங்கள். அங்கே ஸ்டாட்டிக் என்று கொடுத்தால், "வேறு மதிப்பை பைண்ட் செய்யும்வரை இந்த மெமரி மாறாது" என்று வாக்குக் கொடுக்கிறீர்கள். ஒரு சின்ன ஃபங்ஷனில் லோக்கல் பஃபரில் பெயரை எழுதி, பைண்ட் செய்துவிட்டுத் திரும்பினால், கட்டளையை இயக்கும் ஸ்டெப் ஓடும்போது அந்த பஃபர் உயிரோடு இருக்காது. பெயருக்குப் பதில் குப்பை ஏறும், அதுவும் எப்போதாவதுதான். சோதனையில் சிக்காத வகை இது. சந்தேகம் இருந்தால் டிரான்சியன்ட் கொடுங்கள். எஸ்கியூலைட் தனக்கென ஒரு நகல் எடுத்துக்கொள்ளும். எடுக்கும் பக்கமும் இதே கதைதான்: காலம் டெக்ஸ்ட் (column_text, விடையின் ஒரு நெடுவரிசையைப் படிக்கும் ஃபங்ஷன்) தரும் பாயின்டர் அடுத்த ஸ்டெப் வரைதான் செல்லும். அதற்குமேல் வேண்டுமென்றால் காப்பி செய்யுங்கள்.

பைண்ட் எண்கள் 1-லிருந்து தொடங்கும், காலம் எண்கள் 0-விலிருந்து. பைண்டுக்கு 0 கொடுத்தால் பிழை எண் வரும். அதைப் பார்க்காமல் விட்டால் அந்த இடத்தில் சத்தமில்லாமல் நல் (NULL, வெற்று மதிப்பு) ஏறிவிடும். ஸ்டெப்பின் விடையையும் சரியாகப் படிக்க வேண்டும்: வரிசை கிடைத்தால் 100, முடிந்தால் 101. 0-வோடு ஒப்பிட்டால் எல்லாமே தோல்வியாகத் தெரியும்.

அப்புறம் பிஸி என்ற பிழை, எண் 5. வேறொரு கனெக்‌ஷன் எழுதிக்கொண்டிருந்தால், நீங்கள் சொல்லாதவரை எஸ்கியூலைட் ஒரு நொடிகூடக் காத்திருக்காது. கனெக்‌ஷனைத் திறந்த கையோடு பிஸி டைம்அவுட்டை 5000 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். அதுவும் போதாத இடம் உண்டு. டிரான்ஸாக்‌ஷனை (ஒரே தொகுப்பாக நடக்கும் கட்டளைகள்) வெறும் பிகின் போட்டுத் தொடங்கி, முதலில் படித்து, பிறகு எழுதப் போனால், அதற்குள் இன்னொருவர் எழுதியிருக்கலாம். அப்போது டைம்அவுட் இருந்தும் உடனே பிஸிதான் வரும். எழுதப்போவது தெரிந்தால் பிகின் இம்மீடியட் என்றே தொடங்குங்கள்.

ஆயிரம் இன்சர்ட்டுகளைத் தனித்தனியாக ஓட்டாதீர்கள். ஒவ்வொன்றும் ஒரு டிரான்ஸாக்‌ஷனாகி டிஸ்க்குக்காகக் காத்திருக்கும். ஃபாரின் கீ (ஒரு டேபிள் இன்னொன்றின் வரிசையைச் சுட்டும் இணைப்பு) சோதனை வழக்கமாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் பிராக்மா (அமைப்பை மாற்றும் கட்டளை) போட்டு இயக்க வேண்டும்.

வால் (WAL, மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதும்) முறையில் ஓடும் டேட்டாபேஸின் பிரதான ஃபைலை மட்டும் காப்பி செய்து பேக்கப் என்று வைத்துக்கொள்ளவே கூடாது. கடைசியாக கமிட் ஆனவை பக்கத்தில் இருக்கும் வால் ஃபைலிலேயே தங்கியிருக்கலாம். பேக்கப் ஏபிஐ அல்லது வேக்கும் இன்டு (VACUUM INTO) கட்டளை, இரண்டில் ஒன்றைப் பயன்படுத்துங்கள்.