எஸ்டேட் வாயிற்காவலர் இல்லங்களைப் பழுதுபார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்து, அயர்லாந்து எஸ்டேட்டுகளின், அதாவது மாளிகையும் சுற்றியுள்ள நிலமும் சேர்ந்த பெரும் பண்ணைகளின், நுழைவாயிலில் நிற்கும் பழைய காவலர் இல்லங்களைப் புதுப்பிக்க வரும் இளைஞர்கள், தொடக்கத்தில் நான் செய்த பிழைகளையே இன்றும் செய்கிறார்கள். கூரை ஒழுகல் போன்றவற்றை எந்தக் கொத்தனாரும் சொல்லித் தருவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சிமெண்ட்

இன்றும் என் மனத்தை உறுத்தும் தவறு இதுதான். மணற்கல்லால் ஆன 19ஆம் நூற்றாண்டு இல்லம் ஒன்றில், உதிர்ந்திருந்த சுண்ணாம்புக் காரையைச் சுரண்டியெடுத்துவிட்டு, உறுதியாக இருக்கும் என்று நம்பி, கல் இடுக்குகளைச் சிமெண்டால் நிரப்பச் சம்மதித்தேன். முதல் ஆண்டு சுவர் அழகாகவே இருந்தது. சில குளிர்காலங்கள் கழித்துச் சென்று உள்ளங்கையைச் சுவரில் வைத்தபோது, கல்லின் முகம் மணலாக என் கையோடு வந்தது. சன்னல் விளிம்பில் செதுக்கியிருந்த இலை வேலைப்பாடு பாதி மறைந்திருந்தது.

காரணம் எளியது. சுண்ணாம்புக் காரை கல்லைவிட மென்மையானது. சுவருக்குள் புகுந்த மழைநீர் அதன் வழியாகவே ஆவியாகும், தேய்ந்தால் காரைதான் தேயும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் கல்லிலேயே தங்கி, உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிந்து, கல்லின் மேற்புறத்தைப் பெயர்த்தெறிகிறது. அதைவிடக் கொடுமை, போட்ட சிமெண்டை எந்திரத்தால் அறுத்தெடுக்கும்போது கல்லின் ஓரங்களும் சேர்ந்து உடைவது. அந்தச் சன்னலைச் சுற்றிய கற்களைப் புதிதாகச் செதுக்க வேண்டியதாயிற்று. பழைய உளித்தடம் போனது போனதுதான்.

பாணியை வைத்துக் காலம் கணிப்பது

அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டில், ஃபினிஸ்க் ஆற்றுப் பாலத்தின்மேல் நிற்கும் டிரோமானா வாயில், வெங்காய வடிவக் குவிமாடத்தோடு இங்கிலாந்தில் இந்தியப் பாணியில் கட்டப்பட்ட பிரைட்டன் அரண்மனையை நினைவூட்டும். 1826இல் மணமக்களை வரவேற்கத் தற்காலிகமாக எழுப்பப்பட்ட வாயில், பின்னரே நிலையான கட்டடமாயிற்று. எனவே தோற்றத்தை மட்டும் பார்த்து ஆண்டைக் குறித்துவிடாமல், முதலில் எஸ்டேட்டின் கணக்கேடுகளையும் பழைய வரைபடங்களையும் தேடிப் பாருங்கள்.

இரட்டை இல்லங்களைப் பிரிப்பது

பாதையின் இருபுறமும் நிற்கும் இரண்டு சிறு கட்டடங்கள் பல இடங்களில் ஒரே குடும்பத்தின் வீடு. ஒருபுறம் சமையல், மறுபுறம் படுக்கை. அவற்றைத் தனித்தனி வீடுகளாகப் பிரித்து ஒன்றை மட்டும் விரிவாக்கினால் வாயிலின் சமநிலை குலைந்துவிடும்.

புகைபோக்கி

பயன்படாத புகைபோக்கியை முழுவதுமாக அடைக்காதீர்கள், காற்றுக்குத் துளை விடுங்கள்.