தந்தை செல்வா நினைவுரையைத் தயாரிக்கும் முறை

நினைவு நாளான ஏப்ரல் 26 அன்று திருகோணமலையில், தந்தை செல்வா எனப்படும் இலங்கைத் தமிழர் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தைப் பற்றிப் பேசவிருப்பவர், அவர் 1898இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டு, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி உருவான கதைக்கு வந்துவிடலாம். நேரத்தின் பெரும்பகுதியை 1956 ஆகஸ்டில் இதே ஊரில் கூடிய மாநாட்டுக்கு ஒதுக்குங்கள். தொண்டர்கள் பல ஊர்களிலிருந்து கால்நடையாக வந்துசேர்ந்த அம்மாநாடு, சமஷ்டி (கூட்டாட்சி) ஆட்சி, தமிழுக்குச் சம அந்தஸ்து, மலையகத் தமிழருக்குக் குடியுரிமை, அரச குடியேற்றங்களை நிறுத்துதல் ஆகிய நான்கையும் கோரி, அரசுக்கு ஓராண்டுத் தவணை கொடுத்தது. குடியேற்றக் கோரிக்கையை விளக்க, இம்மாவட்டத்தின் அரச குடியேற்றத் திட்டங்களான கந்தளாயையும் அல்லையையும் சுட்டினால், இவ்வூர் அவையோருக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. பிரதமர் பண்டாரநாயக்கவுடன் அவர் செய்த 1957 ஜூலை ஒப்பந்தத்தையும் மறு ஆண்டு அது கைவிடப்பட்டதையும் அடுத்தடுத்துச் சொல்லுங்கள். அடைமொழிகளைக் குறையுங்கள், தணிந்த குரலில் பேசிய அந்த வழக்கறிஞருக்கு அவை பொருந்துவதில்லை.