பொலெந்தா: இத்தாலியரின் மக்காச்சோளக் களி

வட இத்தாலியின் லொம்பார்டி, வெனெட்டோ, ஃபிரியூலி, பியட்மான்ட் பகுதிகளில் பல தலைமுறைகளாக ஏழை உழவர்களின் அன்றாட உணவாக இருந்துவந்த பொலெந்தாவை, தமிழில் ஒரே சொல்லால் சொல்ல வேண்டுமானால் களி என்று சொல்லிவிடலாம். கேழ்வரகுக் களி கிண்டிப் பழகியவர்களுக்குக் கட்டி தட்டாமல் மாவு சேர்க்கும் பக்குவம் ஏற்கெனவே தெரியும். அவர்கள் புதிதாகப் பழக வேண்டியது, இது வேகும் நேரத்தை மட்டுமே.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து மக்காச்சோளம் 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிக்கு வருவதற்கு முன்னர், தினை வகைகள், பக்வீட் என்னும் தானியம் போன்ற விதை, கஷ்கொட்டை (செஸ்ட்நட்) மாவு ஆகியவற்றில் பொலெந்தா கிண்டினார்கள். மக்காச்சோளம் வந்தபின், வேறெதுவும் வாங்க வழியின்றி அதை மட்டுமே உண்டு வாழ்ந்த உழவர்களுக்குத் தோல் வெடித்துச் சொரசொரப்பாகும் பெல்லாக்ரா என்னும் நோய் பரவியது. நியாசின் என்னும் வைட்டமின் குறைவே அதற்குக் காரணம். மெக்சிகோவின் பூர்வகுடிகள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்தே பயன்படுத்தியதால், தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் அவர்களது உடலில் சேர்ந்தது. ஐரோப்பியர்களோ தானியத்தைக் கொண்டுவந்தார்களே தவிர, அந்தச் சமையல் முறையைக் கொண்டுவரவில்லை. பருப்பு, பால், இறைச்சி, காய்கறி என்று பலவும் உண்ணும் இன்றைய வீடுகளில் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

பொலெந்தாவுக்குக் கொரகொரப்பாக உடைத்த மஞ்சள் மக்காச்சோள ரவை வேண்டும். நம் கடைகளில் கார்ன்ஃப்ளோர் என்ற பெயரில் கிடைக்கும் வெள்ளைப் பொடி வெறும் மாச்சத்துதான். அதைப் போட்டால் பசைதான் கிடைக்கும். ரொட்டி சுடுவதற்கான மிக நைசான மக்காச்சோள மாவும் இதற்கு ஏற்றதன்று. 5 நிமிடத்தில் தயாராகும் பாக்கெட் பொலெந்தா முன்பே வேகவைத்து உலர்த்தப்பட்டது. அவசரத்துக்கு உதவுமே தவிர, நெடுநேரம் வெந்த ரவையின் மணமும் இனிப்பும் அதில் இருப்பதில்லை.

நான்கு பேருக்கு 250 கிராம் ரவை, 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு போதும். தளர்வாக வேண்டுமென்றால் தண்ணீரைக் கால் லிட்டர் கூட்டிக்கொள்ளலாம். இத்தாலியர்கள் பாயோலோ எனப்படும் செம்புப் பாத்திரத்தில் கிண்டுவது மரபு. அடிகனமான எந்தப் பாத்திரமும் அந்த வேலையைச் செய்யும். உப்பிட்ட தண்ணீர் கொதித்ததும் ஒரு கையால் ரவையை மழைபோலச் சீராகத் தூவிக்கொண்டே, மறு கையால் விடாமல் கிண்ட வேண்டும். கட்டி தட்டிவிடுமோ என்று தயங்குபவர்கள் ரவையைக் குளிர்ந்த நீரிலேயே கரைத்து அடுப்பில் ஏற்றலாம். சுவையில் குறையேதும் வராது.

கலவை கெட்டிப்பட்டதும் தீயை நன்கு குறைத்துவிட வேண்டும். அப்போது எழும் குமிழிகள் வெடித்துக் கையைச் சுடக்கூடும் என்பதால் நீண்ட காம்புள்ள மரக்கரண்டியே நல்லது. நாற்பது நிமிடமும் கை ஓயாமல் கிண்ட வேண்டும் என்பது பழைய விதி. முதல் பத்து நிமிடம் கவனமாகக் கிண்டிவிட்டு, பின்னர் மூடிவைத்து, நான்கைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடியிலிருந்து புரட்டிவிட்டாலே போதும் என்பது என் அனுபவம். இடையில் இறுகினால் வெந்நீரைத்தான் ஊற்ற வேண்டும். நாவில் ரவை நறநறவென்று படாமலும், களி பாத்திரத்தின் ஓரத்தை விட்டுச் சுருண்டும் வந்தால் வெந்துவிட்டது என்று பொருள்; இதற்கு 40 முதல் 45 நிமிடம் ஆகும். பத்து நிமிடத்திலேயே பார்வைக்குக் கெட்டியாகிவிடுவதைக் கண்டு இறக்கிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

தளர்ந்த பொலெந்தாவில் வெண்ணெயும் துருவிய பார்மிசான் சீஸும் கலந்து, மேலே வதக்கிய காளானையோ இறைச்சிக் குழம்பையோ ஊற்றி உண்பார்கள். வெனிஸ் வட்டாரத்தில் வெள்ளை மக்காச்சோளப் பொலெந்தா மீனுக்குத் துணையாகும். லொம்பார்டியின் மலைப்பகுதியான வல்தெலினாவில் பக்வீட் மாவும் சீஸும் சேர்ந்த தராஞா என்னும் வகை பெயர்பெற்றது. கெட்டியானதை மரப்பலகையில் கொட்டி, கத்திக்குப் பதிலாக நூலால் அறுப்பார்கள். மிஞ்சியதைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, மறுநாள் துண்டுகளாக்கி, எண்ணெய் தடவிய கல்லில் இருபுறமும் முறுகச் சுட்டால், முதல்நாள் உண்டதைவிட அதுவே எனக்குப் பிடித்தமானது.