தினமும் போட ஓர் இனிப்பு பெர்ஃப்யூம்: தேர்ந்தெடுப்பது எப்படி?

வனிலா, கேரமல், வறுத்த பாதாம் என்று தின்பண்ட வாசனை தரும் பெர்ஃப்யூம்களை கூர்மாண்ட் வகை என்பார்கள். 1992-இல் வந்த முக்லேர் நிறுவனத்தின் ஏஞ்சல் என்ற பெர்ஃப்யூம் இந்த வகையைப் பிரபலமாக்கியது. பஞ்சுமிட்டாய் மணம் தரும் எத்தில் மால்டாலோடு பச்சௌலி என்ற செடியின் மண்வாசனையை அதில் சேர்த்திருந்தார்கள். அந்தச் சேர்க்கைதான் முக்கியம். இனிப்பு மட்டும் இருந்தால் அரை மணி நேரத்தில் திகட்டிவிடும். கூடவே கொஞ்சம் கசப்போ மரவாசனையோ இருந்தால்தான் தினமும் போட முடியும், மனதுக்கும் இதமாக இருக்கும்.

படி 1: எந்தப் பருப்பின் வாசனை வேண்டும்?

நாம் ஊறவைத்துத் தின்னும் பாதாமில் பெரிதாக மணம் கிடையாது. பெர்ஃப்யூமில் 'பாதாம்' என்று வருவது பெரும்பாலும் பென்சால்டிஹைடு என்ற வேதிப்பொருள். கசப்புப் பாதாமின் மணமும் கேக்கில் ஊற்றும் ஆல்மண்ட் எசன்ஸின் மணமும் அதுதான். ஹேசல்நட், பிரலீன் என்று போட்டிருந்தால் வறுத்த பருப்பும் சாக்லேட்டும் கலந்த மாதிரி இருக்கும்.

புதியவர்களுக்கு நான் சொல்வது டோங்கா பீன். தென் அமெரிக்க மரம் ஒன்றின் விதை அது. காய்ந்த விதையை மோந்தால் வனிலா, பாதாம், காய்ந்த வைக்கோல் மூன்றும் சேர்ந்து வரும். அந்த வைக்கோல் சாயல்தான் இனிப்பை அடக்கி வைக்கிறது. அதற்குக் காரணமான கூமரின் என்ற வேதிப்பொருளை 1868-லேயே ஆங்கில வேதியியலாளர் வில்லியம் பெர்கின் செயற்கையாகத் தயாரித்துவிட்டார். பெட்டியின் பின்னால் உள்ள பட்டியலில் கூமரின் இருந்தால் இந்தச் சாயல் இருக்க வாய்ப்புண்டு. லாவெண்டரிலும் கூமரின் இருக்கும் என்பதால் முகர்ந்தே முடிவு செய்யுங்கள்.

படி 2: கடையில்

முதலில் அட்டையில் அடித்து, ஆல்கஹால் நெடி போனபின் மோந்து பாருங்கள். பிடித்தவை இரண்டை மட்டும் மணிக்கட்டுக்கு ஒன்றாக அடித்துக்கொள்ளுங்கள். தேய்க்க வேண்டாம். மூக்கு மரத்துப்போனால், கடையில் மோந்து பார்க்கத் தரும் காப்பிக்கொட்டை தேவையில்லை. வெளியே போய் நல்ல காற்றை இழுத்தாலே போதும். அன்றைக்கே வாங்கவும் வேண்டாம்.

படி 3: வீட்டில் பொறுத்திருங்கள்

இதுதான் உண்மையான சோதனை. மேலாக வரும் ஆரஞ்சு, பெர்கமாட் வாசனையெல்லாம் சீக்கிரம் பறந்துவிடும். வனிலாவும் டோங்காவும் கனமான பொருட்கள், மெதுவாகத்தான் ஆவியாகும். மூன்று நான்கு மணி நேரம் கழித்துத் தோலில் மிஞ்சுவதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் வாசனை. அப்போது கையை மறுபடி மறுபடி மூக்கருகே கொண்டுபோகத் தோன்றுகிறதா? சரி, இது உங்களுடையது. வேறு வேலை பார்க்கவிடாமல் நெடி குறுக்கிட்டால், எவ்வளவு புகழ்பெற்ற பாட்டிலாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

படி 4: போடும் முறை

வெயில் காலத்தில் ஒரே ஒரு ஸ்ப்ரே, அதுவும் சட்டைக்கு உள்ளே நெஞ்சில். உடம்புச் சூட்டில் இனிப்பு வாசனை இன்னும் பலமாக எழும்பும். பக்கத்தில் உட்காருபவருக்குத் தலைவலி வரக்கூடாது. மழைக்காலத்தில் இரண்டு மூன்று அடிக்கலாம். வறண்ட தோல் என்றால் முதலில் வாசனையில்லாத க்ரீம் தடவுங்கள், நின்று நிலைக்கும். அப்புறம், வெள்ளைத் துணிமேல் அடிக்காதீர்கள். வனிலா மணம் தரும் வனிலின் என்ற பொருள் பழுப்புக் கறை விடும்.

பாட்டிலை வெயில் படாமல் அலமாரியில் வையுங்கள். நாளாக ஆக உள்ளே இருப்பது தேன் நிறமாகும். அதுவும் வனிலின் செய்யும் வேலைதான். வாசனை மாறாதவரை தாராளமாகப் போடலாம்.